யாரும் ஆமென் சொல்லாத ஜெபம்

அன்பு மகளுக்கு,

இந்த வார ஜெபக்கூட்டம் நம் வீட்டில். வழக்கம்போல டீ என் தலையில். வந்தவர்களின் கைப்பைகள் எல்லாம் உன் கட்டிலில்.

உன் மாமியார் கண்ணீரோடு ஜெபித்தார். "ஆண்டவரே, புருஷனை விட்டுட்டுப் போனவளுக்கு நல்ல புத்தி குடும்." கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆமென்! உன் புருஷன் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தான். ஆளாளுக்கு அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

அடுத்து என் முறை. உன் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

"ஆண்டவரே, இவங்க மகன் உடைச்ச என் பொண்ணோட கை சீக்கிரம் கூடணும்" என்றேன்.

ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை. உன் அப்பா அவசர அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். நான் எழுந்துபோய்ப் பைகளையெல்லாம் அள்ளி வாசலில் வைத்தேன்.

உன் கட்டில் காலியாக இருக்கிறது.

உன் அம்மா