கல்லுக்குப் போட்ட மாலை

மதினி, கையில் ஆரத்திக் கறை இன்னும் போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை விரலிலேயே நிற்கிறது. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் வருகிறது. நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உங்கள் வீட்டுக்காரர், என் கூடப்பிறந்த அண்ணனே, என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

ஐயா வந்தார். அதுதான், நம் தோட்டத்துக்கு ரோடு போடுவதாகச் சொல்லி பாதை முடக்கில் அடிக்கல் நட்டுவிட்டுப் போனாரே, அந்த முன்னாள் பிரதி அமைச்சர். கோயில் திருவிழாவுக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். இப்போது அவருக்குப் பதவி இல்லை. முன்னும் பின்னும் ஜீப் ஓடுவதில்லை. அது போதும் நம் ஆட்களுக்கு. "பாவம் மனுஷன், எப்பிடி இருந்தவரு" என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் இதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் எலெக்சனில் தோற்ற அன்று அந்தக் கல்லில் சாணியை அப்பியது யார்? செருப்பு மாலை போட்டது யார்? இதே ஆட்கள்தான். நானும் போய்க் காறித் துப்பினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துப்பியதை நான் நக்கவில்லை, மதினி. இவர்களோ போன வாரம் புளியும் தேங்காய்ப் பொச்சுமாகப் போய்க் கல்லைத் தேய்த்து, அவர் பெயர் பளிச்சென்று தெரியும்படி கழுவி, நிவித்திகல டவுனில் வாங்கி வந்த மாலையைப் போட்டு வைத்தார்கள்.

கல் நட்ட அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் பால் வெட்டிய கையோடு, வாளியைக்கூடக் கழுவாமல் மலையிலிருந்து இறங்கி ஓடினோம். தப்பு அடித்தார்கள். அவர் காரிலிருந்து இறங்கியதும் கிழவிகள் காலில் விழுந்தார்கள். "தெய்வம், மதினி" என்றேன் நான். நீங்கள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"நாற்காலியில இருக்கறப்ப தெய்வம். எறங்குனா பேய். கொஞ்ச நாள் போனா பாவம். வேஷம் கட்டி விடுறது நம்ம வாய்தான்டி" என்றீர்கள். "இவருக்கு முன்ன இருந்தவரத் திட்டாத திட்டா? இப்ப அவரு காலமே தேவலன்னு நீயே நேத்து சொல்லல?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. இழுப்புக்காரிக்கு ரோடு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். மழை பிடித்தால் உங்கள் நெஞ்சு கூவுவது பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்கே கேட்கும்.

கல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கூடை ஜல்லிகூட வரவில்லை. அண்ணனும் கமிட்டிக்காரர்களும் அவர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். "கெதியில செய்வோம்" என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில். அந்த அடைமழைப் பகலில் உங்களுக்கு மூச்சு முட்டியபோதும் அவர்தான் அமைச்சர். கீழே கடைச் சந்தியில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஓடினேன். நல்ல மனிதர்தான், பாவம், பாதை இல்லை தங்கச்சி, போக முடியாது என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார். "பார நே நங்கி, யன்ன பே." ரோடே இல்லாத இடத்தில் அவர் எப்படி ஏறுவார்?

கம்பளியில் உங்களைக் கட்டி, கம்பு கோத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். முன்னால் அண்ணன், பின்னால் நான். வழுக்கல் பாதை. அந்தக் கல்லடிக்கு வந்ததும் தோள் மாற்றுவதற்காக இறக்கி, உங்கள் தலையை அந்தக் கல்லில் சாய்த்து வைத்தோம். தண்ணீர் கேட்டீர்கள். அண்ணன் இலையில் மழைத் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்தார். அதைக் குடிக்க நீங்கள் இல்லை. உங்கள் தலைக்குப் பின்னால் அவர் பெயர் நனைந்து கிடந்தது.

நேற்று அந்த இடத்தில்தான் எனக்கு ஆரத்தித் தட்டைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்றுதான் பிடித்தேன். "சொன்னேன், செய்ய முடியல, மன்னிச்சுக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அது போதும் என்றிருந்தது எனக்கு.

அவர் வந்த வேன் கடைச் சந்தியோடு நின்றுவிட்டது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சேற்றில் ஏறி வந்தார். "ஐயோ பாவம், ஐயாவ நடக்க வச்சிட்டோமே" என்று இரண்டு பக்கமும் உச்சுக் கொட்டினார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு விட்டார். பிறகு சொன்னார்.

"என்ன இது, இந்த ரோடு இன்னும் இப்பிடியேவா கெடக்கு? இப்ப இருக்கிறவங்க என்னதான் செய்றாங்க?"

கை தட்டினார்கள், மதினி. அவர் நட்ட கல்லைச் சுற்றி நின்றுகொண்டு, அவருக்கே கை தட்டினார்கள். "ஐயா இருந்திருந்தா இந்நேரம் போட்டிருப்பாரு" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஆரத்தி சுற்றிய பிறகுதானே தண்ணீரைக் கொட்டுவார்கள்? நான் சுற்றவே இல்லை. தட்டை அப்படியே அந்தக் கல்லடியில் கவிழ்த்தேன். சூடம் சேற்றில் அணைந்தது.

"இந்தக் கல்லுல தல சாஞ்சுதான் எங்க மதினி செத்தாங்க, ஐயா. அப்ப அமைச்சரு நீங்கதான்" என்றேன்.

ஐயா என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேளச் சத்தம் வந்த பக்கம் நடந்தார். கமிட்டித் தலைவர்தான் பல்லைக் கடித்தார். "வீட்டுக்கு வந்த மனுஷன இப்பிடியா கேவலப்படுத்துறது? அவருகிட்ட இப்ப என்ன இருக்கு, பாவம்!" அண்ணன் ஐயா பின்னாலேயே, குடையைப் பிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த எலெக்சனில் ஐயா திரும்பவும் நிற்கிறாராம். நம் லயத்து ஓட்டெல்லாம் அவருக்குத்தான் என்று இன்றைக்கே பேசிக்கொள்கிறார்கள். அண்ணன் மேல் எனக்கு இருக்கிற கோபம் அந்த மனிதர் மேல்கூட இல்லை. உங்களைத் தூக்கிய முன்கம்பு அண்ணன் தோளில்தானே இருந்தது.

பின்கம்பு என் தோளில் இருந்தது. பால் வாளியைத் தூக்கும்போதெல்லாம் வலது தோளில் அந்த இடம் வலிக்கிறது. தோள் மாற்றத்தான் உங்களை அங்கே இறக்கினோம், மதினி. அண்ணன் அப்போதே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் இன்னும் இறக்கவில்லை.