எண்ணெய் ஒட்டாத பிள்ளையார்

மார்ச் 2, ஞாயிறு
காலையில் பனி, பிறகு நல்ல வெயில். பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்துக்கு ஸ்ப்ரே அடித்தேன். தலவாக்கலைச் சப்பாத்துக் கடைக்கார நானா, டின் நசுங்கியது என்று சும்மா கொடுத்தார். "சேறும் புடிக்காது, கறியும் புடிக்காது மகள்!" உண்மை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. தேங்காய் எண்ணெயும்!! மெழுகில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். இதில் இரண்டுமே ஒட்டவில்லை. ஏன்? விஞ்ஞான டீச்சரிடம் கேட்க.

டின்னில் மிச்சம். எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் பிள்ளையார் முகமெல்லாம் பாசி. அம்மாவிடம் கேட்டேன். "செய்யி, புண்ணியம்." சோப்புப் போட்டுத் தேய்த்து, காயவிட்டு, இரண்டு தரம் அடித்தேன். பளிச்!

மார்ச் 3, திங்கள்
பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த செல்வி அக்காவுக்கு முதல் நாள் வேலை. புது மருமகள் கொழுந்தில் கைவைக்குமுன் பிள்ளையாருக்கு எண்ணெய் வார்ப்பது வழக்கம். வார்த்தாராம். ஒரு சொட்டு நிற்கவில்லை. எல்லாம் உருண்டு புல்லில்.

மாமியார் பாக்கியம் பெரியம்மா மகனிடம் கத்துவது சுவர் வழியே கேட்கிறது. "சாமியே வேணாங்குது! உடப்புசல்லாவைக்கே, அவ அம்மா வீட்டுக்கே கொண்டுபோய் விட்டுட்டு வா."

ஓடிப்போய்ச் சொன்னேன், நான் அடித்த ஸ்ப்ரேதான் என்று. சப்பாத்தையும் காட்டினேன்.
"சாமியும் சப்பாத்தும் ஒன்னாடி?"
"இல்லைங்க பெரியம்மா, மருந்து..."
"சரியா இவ எண்ணெ வாக்கிறதுக்கு மொத நாளாப் பாத்து ஒன்னைய அடிக்க வச்சது யாரு?"
யாருமில்லை. வெயில் இருந்தது, டின்னில் மிச்சம் இருந்தது. அதைத்தான் அவர் சாமி என்கிறாரா?

மார்ச் 4, செவ்வாய்
வி. டீச்சர்: அந்தப் பூச்சுக்கு எதோடும் சேரப் பிடிக்காது. தண்ணீரை விட எண்ணெயை விரட்டுவதுதான் கஷ்டம். "பிடிக்காது" என்றால்? பெரியம்மாவும் அதையேதானே சொல்கிறார்?

செ. அக்கா பெட்டி கட்டுகிறார். கண் வீங்கியிருக்கிறது. "நீ என்னடி செய்வ, விடு."

மார்ச் 5, புதன்
பனி. விடியற்காலையில் தேங்காய் நார்ப் பொச்சோடு பிள்ளையாரிடம் போனேன், சுரண்டிப் பார்க்க. அங்கே பெரியம்மா, தனியாக, எண்ணெய்ப் போத்தலோடு. ஊற்றினார். உருண்டது. மறுபடி. உருண்டது. திரும்பி என்னைப் பார்த்தார்.
"எனக்குமாடி?"
"யாருக்குமே நிக்காதுங்க பெரியம்மா."
பொச்சைப் பிடுங்கினார். "எங்கெங்கடி அடிச்ச? காட்டு."
தேய்த்தோம். போகவில்லை. கை கடுத்தது. பெரியம்மா நிமிர்ந்து, லயத்துப் பக்கம் திரும்பிக் கத்தினார்.
"ஏ செல்வி! பொட்டிய வச்சுட்டு இங்க வா. ஒன் கை எளங்கை, நல்லாத் தேய்க்கும்!"