கேமராவுக்கு வச்ச பொட்டு

லோகன், எழுந்ததும் முதல்ல இதைப் படிங்க. நான் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குக் கெளம்பிட்டேன்.

நேத்து சாயங்காலம் கிள்ளான்ல இருக்கிற உங்கம்மாகிட்ட லேப்டாப்புல பேசி முடிச்சதும், எப்பவும்போல என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து கேமராமேல ஒட்டினேன். வீடியோ காலை நீங்க கட் பண்ணிட்டீங்கன்னு நம்பித்தான் அவங்க மீன் கறியைப் பத்தி வாயை விட்டேன். நீங்க கட் பண்ணவே இல்ல! மைக் தொறந்தே இருந்திருக்கு லா. காலையில ஆறு மணிக்கே உங்கம்மா எனக்குப் போன் பண்ணிட்டாங்க.

மதியம் மீன் கறியோட வராங்க. சோறு மட்டும் ஆக்கி வைங்க. தயவுசெஞ்சு கடையில பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணிடாதீங்க.

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில வைங்க. ரூமுக்கு வைஃபை எட்டாது.

அவங்க பொறந்தநாள்னு நீங்க ரெகார்டிங் போட்டீங்களே, அது முழுசும் சேவ் ஆகியிருக்கு. அழிச்சிடாதீங்க. உங்கம்மா பென்டிரைவ் கொண்டு வராங்க.

– மலர்

பி.கு: என்னை மன்னிச்சிட்டாங்களாம். "நேத்து வந்த பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்"னு சிரிச்சாங்க. ஆனா நான் பேசினதுக்கு அப்புறம், "நான் முப்பது வருஷமா சகிச்சுக்கிட்டு சாப்பிடுறேன்"னு நம்ம வீட்டுலேருந்து ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சாம். அதைத்தான் மறுபடி கேக்கணுமாம்.

இன்னொண்ணு: ஒரு மணிக்கு நானும் வீடியோவுல வரேன். பொட்டை எடுத்துக் கண்ணாடியில ஒட்டி வைங்க. அப்ப உங்க மூஞ்சியை நான் பாக்கணும்.