கழற்றி வைத்த கடிகாரம்

என்னங்க,

நேற்று காலை கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. கடிகாரத்தின் இரும்புப் பட்டையை விரலால் நெம்பித் திறக்கும்போது 'டிக்'கென்று வருமே, அந்தச் சத்தம். அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த நான், கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்கதவைப் பார்த்து நாலு எட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான், நீங்கள் செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது.

திறந்தது யாழினி. நம் செல்வியின் மகள். அவள் கையில் இருந்தது உங்கள் கடிகாரம்.

அவளுக்கு இப்போது அதுதான் தொழில். ஈப்போவில் இந்தச் சின்ன வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வீட்டு விலை போகும் கைக்கடிகாரங்களை எல்லாம் எடை போடுகிறாள். வைத்திருப்பவர்களிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் கட்டிப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது, பிந்துகிறது என்று எழுதி வைப்பாள். பிறகு காமிரா முன்னால் உட்கார்ந்து, நல்லது என்றால் நல்லது, மட்டம் என்றால் மட்டம் என்று சொல்லிவிடுவாள். எவ்வளவு பெரிய பேர் போட்ட கடிகாரமாக இருந்தாலும் பயம் கிடையாது. சிங்கப்பூர், சென்னை, லண்டன் என்று கடிகாரப் பைத்தியங்கள் எல்லாம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி. நான் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

உங்கள் திவசம் வருகிறது என்பதால், இந்த முறை தாத்தாவின் கடிகாரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நின்றாள். நம் ரப்பர்த் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது, தன் காரோட்டியான உங்களுக்குத் தன் கையிலிருந்தே கழற்றிக் கொடுத்த கடிகாரம். மூன்று வருஷம் அலமாரியில் செத்துக் கிடந்தது, அவள் நாலு முறை அசைத்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது. சாவி கொடுக்க வேண்டியதில்லை, கை ஆடினாலே போதும் என்றாள். அது எனக்குத் தெரியும். உங்கள் கை நன்றாக ஆடியது.

நீங்கள் குடிக்கிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. அதனால்தான் தோட்டத்தில் உங்களுக்கு நல்ல பேர். கோபம் வந்தால் முதலில் கடிகாரம். பட்டையைத் திறப்பீர்கள். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடித்து, சாமிப் பலகையின் ஓரத்தில் விரித்து, கண்ணாடி மேலே பார்க்கக் கடிகாரத்தைப் படுக்க வைப்பீர்கள். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்புவீர்கள்.

முதல் அறை எப்போதும் இடது கன்னத்தில். விழுந்தால் முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி அடுத்தது. ஒரு முறை இரண்டு பற்கள் தட்டில் இருந்த சோற்றிலேயே விழுந்தன. ஒரு முறை நீங்கள் உதைத்ததில் விலா விட்டுப் போய், மறுநாள் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு காலைப் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்து, மத்தியானம் வரை மரம் சீவினேன். குழம்பில் உப்பு கூடிவிட்டது, புதுத் துரை உங்களை ஏசிவிட்டான், நான் யாரிடமோ சிரித்துவிட்டேன் என்று ஏதாவது ஒன்று. லயத்தில் ஒரு பலகைச் சுவர்தானே இடையில். பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

"என்னா தங்கச்சி, மறுபடியும் மரத்துல மோதிக்கிட்டியா?"

"ஆமாக்கா. நம்ம தோட்டத்து மரம்லாம் இப்ப வீட்டுக்குள்ளயே நடந்து வருதுலா."

இரண்டு பேரும் சிரிப்போம். எனக்குச் சிரித்தால் உதடு பிளந்து ரத்தம் வரும்.

ஆனால் செல்வி மேல் நீங்கள் கை வைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அவளுக்கு ஒன்பது வயது. நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். மேசையில் இருந்த கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு வந்து நின்றீர்கள்.

"யாரு இதத் தொடச் சொன்னது?"

"சும்மாப்பா. உள்ள பூச்சி மாரி சத்தம் வருது, அதான்."

பிள்ளை கையிலிருந்து வாங்கினீர்கள். கைக்குட்டையை விரித்தீர்கள். வைத்தீர்கள். திரும்பி ஓர் அறை விட்டீர்கள், பிள்ளையின் இடது காதில். சுருண்டு போய்க் கதவு நிலையில் மோதி விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. நீங்கள் ஆணியில் தொங்கிய பெல்ட்டை உருவினீர்கள்.

நான் உங்களைத் தடுக்க வரவில்லை. சாமிப் பலகையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அம்மி மேல் வைத்தேன். குழவியை இரண்டு கையாலும் தூக்கினேன்.

"டேய்! எம் புள்ள மேல இன்னொரு அடி உழுந்துச்சு, இத நசுக்கிப்புடுவேன்டா!"

கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் உங்களை 'டா' போட்டேன்.

"வேணாம்டி, வேணாம். துரை குடுத்ததுடி அது."

பெல்ட்டை எறிந்துவிட்டு ஓடி வந்து அம்மிக்கு முன்னால் மண்டியிட்டீர்கள். குழவி இறங்கியது. கடிகாரத்தின் ஓரத்தில் பட்டு, அது துள்ளிப் போய்த் தரையில் விழுந்தது. தவழ்ந்து போய் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டீர்கள். "ஓடுது," என்றீர்கள். சிரித்தீர்கள். பிள்ளை நிலையடியில் கிடந்தாள்.

அதன் பிறகு நீங்கள் யாரையும் அடிக்கவில்லை. பேத்தி பிறந்ததும் வேறு ஆளாகவே ஆகிவிட்டீர்கள். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சிம்பாங் பூலாய் பாசார் முழுக்கச் சுற்றினீர்கள். அவள் பார்த்த தாத்தா அவர்தான். அதனால்தான் செல்வி என்னிடம் சத்தியம் வாங்கினாள். "எம் மகளுக்கு அந்த ஆளையே வச்சிருப்போம்மா. காய்ச்சல்ல காது போச்சுன்னு சொல்லிடு." அப்படியே சொல்லி வந்தேன், நேற்று வரைக்கும்.

விளக்கைப் போட்டு, காமிராவை ஓடவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள் யாழினி. செல்வி விளக்குக்குப் பின்னால் நின்றாள்.

"பாருங்க, இது மேல ஒரு கீறல் இல்ல," என்றாள் பேத்தி. "பாலிஷ் போட்டு மறைச்சதும் இல்ல, ஓரம்லாம் இன்னும் கூரா இருக்கு. இத்தன வருசம் கட்டியும் இப்படி இருக்குன்னா, எங்க தாத்தா கை எவ்ளோ மென்மையான கையா இருந்திருக்கணும்!"

அவள் கடிகாரத்தைத் திருப்பினாள்.

"இந்த ஒரு இடத்துல மட்டும் அடிபட்டிருக்கு. என்னா பாட்டி, தாத்தா கீழ போட்டுட்டாரா?"

விளக்குக்குப் பின்னாலிருந்து செல்வி வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆமாம், கீழே போட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உலகத்துக்கே நல்லது கெட்டது சொல்கிற பிள்ளை, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னாலேயே தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"கீழ போடல. நாந்தான் குழவியால அடிச்சேன்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டையைச் சொன்னேன், காதைச் சொன்னேன்.

யாழினி அழவில்லை. எழுந்து அவள் அம்மாவிடம் போய், "கேமராவ நிறுத்தவாம்மா?" என்றாள். நின்றது இடது பக்கம். செல்விக்குக் கேட்கவில்லை. பிள்ளை ஒரு நிமிஷம் அந்தக் காதையே பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து மறுபடியும் கேட்டாள்.

"வேணாம். ஓடட்டும்," என்றாள் செல்வி.

யாழினி திரும்பி வந்து உட்கார்ந்து காமிராவைப் பார்த்துச் சொன்னாள்: "நான் சொன்னது தப்பு. இது மென்மையான கை இல்ல. கழட்டி வச்சிட்டு அடிச்ச கை."

இன்று அது அப்படியே உலகத்துக்குப் போய்விட்டது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் நான் காமிராவில் சொல்லவில்லை. நீங்கள் மண்டியிட்டுக் கடிகாரத்தை எடுக்கக் குனிந்தபோது, உங்கள் பின்மண்டை, குளித்த ஈரம் சொட்டச் சொட்ட, குழவிக்கு நேர் கீழே இருந்தது. கடிகாரம் ஒரு சாண் தள்ளி. இரண்டையும் பார்த்தேன். யோசிக்க நேரம் இருந்தது. நான் மண்டையைத்தான் பார்த்து இறக்கினேன் என்று நினைக்கிறேன். கடைசியில் கை ஏன் தள்ளிப் போனது, பயமா, பாவம் என்று விட்டேனா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

குழவியைத் தோட்டத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். அதன் கனம் மட்டும் என் கூடவே வந்துவிட்டது. இன்று சாயங்காலம் யாழினி ஒரு முழுத் தங்கக் கடிகாரத்தைக் கொண்டுவந்து என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, "கனமா இருக்கா பாட்டி?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.