புள்ளிக்குப் பின்னால் நாலு

1946 ஜூலை 8, திங்கள்

நோரா சாயங்காலம் முழுக்க ஐந்தாம் வகுப்புக் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தசம எண்ணைக் கிட்டிய முழு எண்ணாக்கும் பாடம். ஒரு பெண் 6.49-ஐ முதலில் 6.5 ஆக்கி, பிறகு 7 ஆக்கிவிட்டாளாம். "ஒரு தடவைதான் பாக்கணும். புள்ளிக்கு அடுத்தது நாலு, அஞ்சுக்குக் கீழ. அப்ப ஆறுதான்" என்று புருஷன் எனக்கே பாடம் எடுத்தாள். நடுவில் இருமல். இளைத்துவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றால், பரீட்சை முடியட்டும் என்கிறாள்.

ஜூலை 20, சனி

லஸ் டாக்டரிடம் இரண்டாம் முறை. ஒரு வாரம் சாயங்காலக் காய்ச்சலைப் பார்த்துவரச் சொல்லியிருந்தார். "தொண்ணூத்தொன்பது, டாக்டர். தினமும் அவ்வளவுதான்" என்றாள் நோரா. வெறும் அசதியாகத்தான் இருக்கும், டானிக் சாப்பிடட்டும் என்றார். வரும் வழியில் சாந்தோம் கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினோம்.

ஜூலை 21

பாடிக்கொண்டே சமைத்தாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று அவள் உதறுவதற்கு முன் தெர்மாமீட்டரைக் கையிலிருந்து வாங்கினேன். 99-ஐத் தாண்டி இரண்டு கோடு. 99.4.

"நேத்து?"

"இதேதான்."

"டாக்டர்கிட்ட சொன்ன வாரம்?"

தெர்மாமீட்டரின் காலி உறையை எடுத்து மூடினாள்.

"நோரா, நீ தொண்ணூத்தொன்பதுன்னு—"

"நாலுதானே. அஞ்சுக்குக் கீழ இருந்தா விட்டுடலாம்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "முழுசாச் சொன்னா எக்ஸ்ரேன்னுவாரு. எங்கம்மாவைத் தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பினப்பவும் மூணு மாசத்துல வந்துடுவாங்கன்னாங்க. வந்தாங்களா? என்னை அங்க அனுப்பிடாதீங்க."

கோபம் வந்துச்சு. கத்தணும்போல இருந்துச்சு. இவகிட்ட எப்படிக் கத்துறது? கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கை சுட்டது.

ஆகஸ்ட் 9

எக்ஸ்ரே. காசம். இரண்டு நுரையீரலிலும் இருக்கிறது. முன்பே வந்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். "புள்ளிக்கு அப்புறம் எவ்வளவுன்னு நானும் கேட்டிருக்கணும், ஆம்ப்ரோஸ்" என்றார்.

ஆகஸ்ட் 12

தாம்பரம். வார்டு வாசல்வரைதான் விட்டார்கள். நோரா அழவில்லை. "பிள்ளைங்களுக்கு அடுத்தது பின்னம். புது டீச்சர்கிட்ட மெதுவா நடத்தச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அனுப்பிடாதீங்கன்னாளே. கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டேனே.

அக்டோபர் 27, ஞாயிறு

நோரா போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலை. நான் பக்கத்தில் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

மகள் பிரசவத்துக்கு எண்ணூர் போயிருந்த மீன்காரி அங்காளம்மாள் இன்றுதான் கூடையோடு வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இன்னா சார், டீச்சரம்மா இஸ்கோலுக்குப் பூட்டாங்களா? அவங்களுக்குன்னு சங்கரா எட்த்தாந்துகீறேன்."

"ஆமாம். போயிருக்கா" என்றேன்.

"சாயங்காலம் வந்ததும் ஆக்கச் சொல்லு" என்று வாசலிலேயே உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மீன் சட்டியில் இருக்கிறது. எனக்குச் சமைக்கத் தெரியாது.