சிவப்பு மூடி

டிசம்பர் 3, புதன்
உஷாராணிக்குக் காய்ச்சல் விடவில்லை. அவள் வெங்காயப் பயிரில் இலைப்பேன் ஏறிவிட்டது. கொழுந்தனார் லாரியோடு வடக்கே போயிருக்கிறார். நானே மருந்து அடித்துவிட்டேன். ஓரகத்தி என்று பேர்தான், கூடப்பிறந்தவள் மாதிரி. எப்போதும்போல டேங்குக்கு ரெண்டு மூடி. மருந்து கலக்க இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. சொல்லிக்கொள்கிறேன், எனக்கென்ன!

டிசம்பர் 6
அவள் வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகி வருகிறது. என்ன ஆயிற்று?

டிசம்பர் 7
சேந்தமங்கலம் போய் மருந்துக்கடை குருமூர்த்தியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். “போலி மருந்தக் குடுத்துப் பயிரக் கெடுத்துப்போட்டீங்களே!” நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

அவர் சத்தமே போடவில்லை. “டேங்குக்கு எவ்வளவு ஊத்துனீங்க?”

“ரெண்டு மூடி.”

“எந்த மூடிங்க?”

கேள்வியைப் பார்! விறுவிறுவென்று திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 8
எந்த மூடி — அந்தக் கேள்வி விடவே இல்லை.

பழைய பாட்டிலின் சிவப்பு மூடிதான் எப்போதும் என் அளவு. அது பத்து மில்லி. அன்றைக்குப் பெட்டியில் தேடினேன், காணோம். புது லிட்டர் பாட்டிலின் நீல மூடியிலேயே ஊற்றினேன். மூடி மூடிதானே என்று நினைத்தேன்.

என் மகள் இனியாவின் இருமல் மருந்தோடு வந்த கப்பில் கோடு போட்டிருக்கும். நீல மூடியைக் கழுவி, தண்ணீர் பிடித்து, அந்தக் கப்பில் ஊற்றிப் பார்த்தேன். பத்து மில்லிக் கப் ரெண்டு தரம் நிறைந்தது. மூன்றாம் தரம் பாதி.

இருபத்தைந்து. ஐயோ. அவள் பயிரை நானே கொளுத்தியிருக்கிறேன். கடைக்காரரிடம் போய் அந்தக் கத்து வேறு!

டிசம்பர் 9
உஷாராணி காய்ச்சல் விட்டு வயலுக்கு வந்தாள். கருகினதைப் பார்த்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எனக்குக் கைராசியே இல்லீங்கக்கா. நான் நட்டா எதுவும் வெளங்காது.”

“அழுவாத சாமி” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

டிசம்பர் 10
அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, சுற்றுப் பாதையில் வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 11
சொல்லிவிட்டேன். நீல மூடி, கப், எல்லாவற்றையும்.

அவள் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். கையில் என் சிவப்பு மூடி.

“போன தரம் எங்க ஊட்டுலயே உட்டுட்டுப் போயிட்டீங்க. பயிரப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க, வேற மூடியில ஊத்தியிருக்கீங்கன்னு.”

“அப்பறம் ஏன் கைராசி இல்லைன்னு அழுத?”

“அப்பவாச்சும் வாயத் தொறப்பீங்கன்னு பாத்தனுங்க.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிசம்பர் 13
குருமூர்த்தியிடம் போனேன். தப்பு என்னுடையது என்று, கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரியே சொன்னேன். காது சுட்டது.

டிசம்பர் 20
பாதி வெங்காயம் போய்விட்டது. மீதியில் நடுக்குருத்து பச்சையாக வருகிறது. மறுபடி பேன்.

“அக்கா, மருந்து கலக்க வாரீங்களா?” வரப்பிலிருந்து உஷாராணிதான் கூப்பிட்டாள். அழுகை வந்துவிட்டது, ஓடினேன். கோடு போட்ட கப்பை அவளிடம் நீட்டினேன், வாங்கவில்லை. “நீங்களே ஊத்துங்க” என்றாள்.

ஊற்றி, கப்பைச் சமமான கல்லில் வைத்து, கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுவரக் குனிந்தேன். பக்கத்தில் அவளும் குனிந்து பார்த்தாள்.

முன்னெல்லாம் பார்க்கமாட்டாள்.