மணிக்குக் கீழே, சங்குக்கு மேலே

செப்டம்பர் 4

மழையால் படகுகள் ஓடவில்லை. டிக்கெட் கவுண்டரில் சும்மா உட்கார்ந்திருந்த என்னையும் கூட்டத்துக்கு இழுத்துப் போனார்கள். மலைச்சரிவில், அக்கா வீட்டுக்கு மேலே, மண் வெடித்திருக்கிறதாம். கை நுழையும் அளவுக்கு. மழை விடாவிட்டால் சரிவு மொத்தமும் இறங்கிவிடும், ஆபத்து தெரிந்ததும் துறைமுகச் சங்கை ஊதுங்கள் என்றார் மண்ணை ஆராய வந்தவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் ஊருக்குள் வந்து அம்மாவைக் கொண்டுபோனதிலிருந்து இந்தத் தீவில் சங்குக்கு ஒரே அர்த்தம்தான்: மேலே ஓடு. மலை சரியும்போது மலைக்கே ஓடச் சொல்வதா?

எழுந்து கேட்டேவிட்டேன். கடைசியில், மீன் ஏலத்துக்கு அடிக்கும் மணியையே அடிப்பது என்று முடிவானது. அது கேட்டால் தீவே கரைக்கு இறங்கிவிடும். அப்போது சங்கு எதற்கு என்றேன். கடலுக்கு வேண்டுமே, இருக்கட்டும் என்றார்கள்.

செப்டம்பர் 6

ஒத்திகை. மணி அடித்ததும் பாதிப் பேர் கூடையோடு வந்து நின்று மீன் எங்கே என்றார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா மட்டும் வரவில்லை. அத்தானுக்குப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை, எப்போதும் கரையில்தான் இருப்பார். "உங்கக்காவ என்னால இறக்க முடியாது. நீ பேசிப் பாரு" என்றார்.

செப்டம்பர் 7

பேசினேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அக்கா தையல் மெஷினை விட்டு நிமிரவேயில்லை. கடலுக்குப் பயந்துதானே அவ்வளவு உயரத்தில் வீடு வாங்கினாள்.

"அம்மாவ எடுத்த தண்ணிக்குப் பக்கத்துல என்னால தூங்க முடியாதுடி. மண்ணு நம்மள என்ன பண்ணிச்சு?"

இவளை நான் எப்படித்தான் —

செப்டம்பர் 9

மழை. மழை. அக்கா வீட்டுக் கதவு மூட மாட்டேன் என்கிறது. நிலையே சாய்ந்திருக்கிறது. ஈரத்தில் மரம் ஊதிவிட்டது என்று சாதிக்கிறாள்.

செப்டம்பர் 10

சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 14

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

பதினொன்றாம் தேதி காலையில் மணி அடித்தார்கள். எல்லாரும் இறங்கினார்கள், அக்காவைத் தவிர. அத்தான் வயதானவர்களைத் தூக்கிப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் இருங்கள், நான் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். அக்கா வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். "நீ வர வேண்டாம். நானும் இங்கயே கிடக்கேன்." திட்டினாள், அழுதாள், பிறகு செருப்பைத் தேடினாள். படிகளில் சேறு வழிந்ததால் பின்பக்கக் குறுக்குப் பாதையில் இறங்கினோம்.

பாதி வழியில் மலை உறுமியது. கீழே துறைமுகக் காவலாளி அதைக் கடல் என்று நினைத்துச் சங்கை ஊதிவிட்டார். கை தானாகப் போய்விட்டது என்று இன்னும் அழுகிறார், பாவம். கரையில் நின்ற கூட்டம் அப்படியே திரும்பி மேலே ஓடியிருக்கிறது. மரங்கள் நின்றபடியே நகர்ந்து வருவதைப் பார்த்ததும்தான் அவர்களுக்குப் புத்தி வந்தது. நானும் அக்காவும் கரை சேர்ந்தபோது எல்லாரும் திரும்பியிருந்தார்கள்.

அத்தான் திரும்பவில்லை.

செப்டம்பர் 17

அத்தானை எடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் படிக்குப் பக்கத்தில். வீடு இல்லை, படி மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 26

அக்கா என்னோடுதான் இருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கடல். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. சாப்பிடுவதும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்று மத்தியானம் கேட்டாள். "அவரு ஏன்டி மேல ஓடுனாரு? என்னத் தேடித்தானே?"

படகுத்துறையில் சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். கூட்டம் மறுபடி கீழே திரும்பியபோது அத்தானின் கையைப் பிடித்து இழுத்தாராம். அக்கா பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே கையை உதறிவிட்டுப் போனாராம்.

"சங்கு கேட்டா யாருதான்க்கா நிப்பாங்க? எல்லாரும்தான் ஓடுனாங்க. பழக்கம்" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.